‘ரெண்டும் ஒண்டோ?’ என்று ஏன் இரண்டு தரம் கேட்கிறோம்

ஒரு கந்தல் துணியைப் பொய்க்காரி என்று நான் ஏசியிருக்கிறேன். தரையில் நின்று ஏசியிருந்தால் வெயில் தலைக்கேறிவிட்டது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். நான் ஏசியது மைக்ரோலைட் என்ற சின்ன விமானத்தில் இருந்துகொண்டு, இறங்குவதற்குச் சில விநாடிகள் இருக்கும்போது, பின் இருக்கையில் கரை முழுவதும் மரியாதை கொடுக்கும் ஒரு மனிதரை வைத்துக்கொண்டு. வாய்க்கு முன்னால் ஒலிவாங்கி இருந்தது. அவருக்கும் கேட்டது, கீழே விமானக் கொட்டிலில் நின்றவருக்கும் கேட்டது.

இதை இப்போது எழுதவேண்டி வந்தது உங்களால்தான். போன கிழமை, பறக்கப் பழக வந்த நீங்கள் மூன்று பேரும் கொட்டில் வாசலில் நின்று சிரித்தீர்கள். மற்ற இடங்களில் இறங்க வருகிறவர் காற்று எந்தப் பக்கம் என்று கேட்பார், கீழே இருந்து பதில் வரும், இறங்குவார். எங்களிடம் மட்டும் மேலே இருக்கிறவர் “ரெண்டும் ஒண்டோ?” என்று கேட்கவேண்டும். கீழே நிற்பவர் “ஒண்டுதான்” என்று சொன்னாலும் இறங்கக் கூடாது. இன்னொரு சுற்றுச் சுற்றி வந்து, அதே கேள்வியைத் திரும்பக் கேட்கவேண்டும். உங்களில் தோப்பூரில் இருந்து வந்தவர் என்னைப் பார்த்து, “என்ன சேர், இது மந்திரமோ?” என்றார். தேத்தண்ணி ஊற்றப் போகிற ஆள் மாதிரி நான் உள்ளே போய்விட்டேன். பதில் தெரியாமல் இல்லை. பதிலுக்குள் நான் வருகிற இடங்கள் அவ்வளவு அழகாக இல்லை, அதுதான்.

இனிப் பறக்கக் கூடாது என்று கண் வைத்தியர் என்னைத் தரையில் இருத்திய பிறகு எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. ஆகவே சொல்லிவிடுகிறேன்.

சின்ன விமானத்தை இறக்குவது பற்றிய புத்தகங்கள் அலுமாரியில் இருக்கின்றன. எந்த வேகம், எந்த உயரம், எந்த இடத்தில் மூக்கை நிமிர்த்துவது, எல்லாம் அவற்றில் இருக்கிறது. படியுங்கள். அவற்றை எழுதியவர்கள் குழம்பாத மனிதர்கள். குழம்பிய ஆள் என்ன செய்யவேண்டும் என்று அவர்கள் எழுதவில்லை, அது என்னிடம்தான் இருக்கிறது.

நான் முதலில் பழகியது சாதாரணச் சின்ன விமானத்தில். அதில் கைக்கோலை நெஞ்சுப் பக்கம் இழுத்தால் மூக்கு மேலே போகும். பிறகு இந்த மைக்ரோலைட்டுக்கு வந்தேன். மேலே துணிச் சிறகு, கீழே உருள மூன்று சில்லு, இரண்டு இருக்கை, முதுகுக்குப் பின்னால் எஞ்சின், அதற்கும் பின்னால் காற்றாடி. சிறகோடு சேர்ந்த கம்பைப் பிடித்துத்தான் ஓட்டவேண்டும். கம்பை இழுத்தால் மூக்கு கீழே போகும், வேகம் கூடும். தள்ளினால் மூக்கு மேலே, வேகம் குறையும். தரையில் ஓடும்போது காலும் அப்படித்தான், இடக்காலை அமத்தினால் வலப்பக்கம் திரும்பும். எனக்குப் பழகிய எல்லாமே தலைகீழ்.

முதல் நாள் இறங்கும்போது உடம்பு மைக்ரோலைட்டில் இருந்தது, கை பழைய விமானத்திலேயே இருந்தது. ஓடுபாதையில் ஆட்டுக்குட்டி மாதிரி மூன்று தரம் துள்ளி நின்றோம். எனக்குப் பழக்கியவர் இறங்கினார், ஹெல்மெட்டைக் கழற்றினார், குனிந்து தரையைத் தொட்டு, “மன்னிச்சுக்கொள்” என்றார். தரையிடம். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

பின்னேரம் கோபம் ஆறியதும் கூப்பிட்டார்.

“உனக்கு இறங்கத் தெரியாதது பிரச்சினை இல்லை, அதைப் பழக்கலாம். கீழ வந்திட்டால் இறங்கித்தான் ஆகவேணும் எண்டு நினைக்கிறாய் பார், அதுதான் பிரச்சினை. முதல் துள்ளிலேயே எஞ்சினைக் கூட்டி எழும்பிப் போயிருக்கலாம் எல்லே? ஏன் போகேல்ல?”

“வெக்கமா இருந்தது சேர்.”

“ஆருக்கு முன்னால?”

அந்த மைதானத்தில் அவரையும் என்னையும் விட இரண்டு மாடுகள்தான் நின்றன. பெரிதாகத் தலையாட்டினேன். அடுத்த முறை இரண்டு துள்ளோடு நிறுத்தவேண்டும் என்றுதான் எனக்கு விளங்கியிருந்தது. அவருடைய பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். காரணம் நியாயமானது.

இனி எங்கள் ஓடுபாதைக்கு வருகிறேன். கிழக்கு முனையில் கடல், மேற்கு முனையில் கொட்டில். கடல் முனையில் மீன்வாடி, அதில் செல்வமலர் கருவாடு காயப்போடும் தட்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஆனி ஆடியில் காலையில் கச்சான் வீசும். தரையில் இருந்து கடலுக்குப் போகிற காற்று, அடுப்பைத் திறந்த மாதிரிச் சுடும். மத்தியானம் திரும்பும் நேரத்தில் கொண்டல் வரும். அது கடலில் இருந்து தரைக்கு, உப்பும் ஈரமுமாக. விமானம் எப்போதும் காற்றுக்கு முகம் கொடுத்து இறங்கவேண்டும். கச்சான் என்றால் கடல் பக்கமாக வந்து மேற்கே பார்த்து இறங்குவோம். கொண்டல் என்றால் கொட்டில் பக்கமாக வந்து கடலைப் பார்த்து இறங்குவோம். காற்று முதுகில் தள்ளும்போது இறங்கினால் ஓடுபாதை முடிந்த பிறகும் நாங்கள் முடியமாட்டோம்.

காற்றைக் காட்ட எங்களிடம் இருந்தது ஒரே காற்றுப்பை, கம்பத்தில் கட்டிய நீளத் துணிப்பை, கொட்டிலுக்குப் பக்கத்தில். ஆனால் கடல் முனையில் இன்னொன்றும் இருந்தது. செல்வமலர் காகம் விரட்டுவதற்காகத் தன் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துத் தடியில் கட்டியிருந்தா. கடல் பக்கமாக வரும்போது அது நல்ல தெளிவாகத் தெரியும். காலையில் எல்லாம் நான் அதைப் பார்த்துத்தான் இறங்குவேன். இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. லைசன்ஸ் எடுத்த ஆள் கருவாட்டுத் தட்டியைப் பார்த்து இறங்குகிறான் என்று தெரிந்தால் நல்லாவா இருக்கும்?

அந்த வருடம் எங்கள் பறப்பே நின்றுபோகும் நிலை வந்தது. கரைவலைச் சம்மாட்டியார் ஒருவர் இருந்தார். கரைவலை என்றால், தோணியில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்கும் பெரிய வலை. வலையும் தோணியும் அவருடையது, இழுக்கும் ஆட்கள் அவருடைய சொல்லுக்குள். எங்கள் சத்தத்தில் மீன்கூட்டம் கலைகிறது என்று அவர் முறைப்பாடு கொடுத்திருந்தார். கடற்றொழிலாளருக்கு ஆட்சேபணை இல்லை என்று அவருடைய கையெழுத்தோடு கடிதம் வந்தால்தான் ஓடுபாதைக்கு அனுமதி நீடிக்கும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. கையெழுத்து இல்லாவிட்டால் மாத முடிவோடு கொட்டிலைப் பூட்டவேண்டும். எனக்கு வேறு தொழில் தெரியாது. உண்மையில் இந்தத் தொழிலும் எவ்வளவு தெரியும் என்பது இனித்தான் தெரியவரும்.

கடிதத்தைக் கொண்டுபோனேன். அவர் அதைத் தொடவில்லை.

“மேல இருந்து பாத்துப்போட்டுத்தான் சொல்லுவன். மீன் கலையுதோ இல்லையோ எண்டு என்ர கண்ணால பாக்கவேணும். கூட்டிக்கொண்டு போவியோ மகன்?”

“ஓம் ஐயா, நாளைக்கே வாங்கோ.”

அடுத்த நாள் அவர் வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. காலையில் வலை இழுத்து முடித்துத்தான் வருவார், வேறு நேரம் இல்லை. அவரிடம் இருந்த கழன்று விழக்கூடிய சாமான் எல்லாவற்றையும் வாங்கினேன். தோள் துவாய், செருப்பு, பீடிக்கட்டு, இடுப்பில் வைத்திருந்த சின்னக் கத்தி.

“கத்தி உன்னை என்ன செய்யப்போகுது?”

“விழுந்தா நேர பின்னால காத்தாடிக்குள்ள போகும் ஐயா. ஒரு துண்டுக் கயிறு போனாலே காத்தாடி உடைஞ்சுபோம்.”

“அப்ப கடலில எங்கட எஞ்சினுக்கு வலை சுத்துற மாதிரி.”

“அதேதான்.”

இந்தக் கதையை மறக்கவேண்டாம். நான் மறந்துவிட்டேன்.

எங்கள் மெக்கானிக் கிண்ணியாக்காரர், தோணி எஞ்சின் திருத்தித் தொழில் பழகியவர், அண்ணன் என்ற முறையில் நாங்கள் ‘நானா’ என்று கூப்பிடுவோம். அவர் கத்தியையும் துவாயையும் வாங்கி வைத்துக்கொண்டு, வோக்கி-டோக்கியோடு காற்றுப்பைக்குக் கீழே நின்றார். நாங்கள் எழும்பினோம்.

எல்லாம் நல்லபடிதான் நடந்தது. கடலில் ஒரு மீன்கூட்டம் தெரிந்தது, தண்ணீருக்குள் மை ஊற்றிய மாதிரி ஒரு கறுப்பு. அதற்கு மேலால் இரண்டு தரம் போனேன். கறுப்பு அசையவில்லை. பிறகு ஹெல்மெட்டுக்குள் சம்மாட்டியாரின் குரல் கேட்டது.

“கலையேல்ல.”

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே கடிதத்தில் கையெழுத்துத் தெரிந்தது. தம்பிமாரே, தங்கச்சி, கவனியுங்கள். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய பிழைகள் எல்லாம் சந்தோசமாக இருந்தபோது செய்தவை. பயந்துகொண்டிருக்கும்போது நான் ஓரளவு நல்ல விமானி.

திரும்பும்போது அவர் என் தோளைத் தட்டினார்.

“மகன், அங்க கடலில கோடு தெரியுது. கொண்டல் வருது.”

பார்த்தேன். கரைக்குச் சமாந்தரமாக ஒரு கோடு. அதற்கு அங்கால் தண்ணீர் சுருங்கி இருண்டிருந்தது, இங்கால் வழுவழுவென்று இருந்தது. கோடு கரைக்குக் கிட்ட வந்துவிட்டது. நான் வோக்கியில் கேட்டேன்.

“நானா, காத்து எப்படி?”

“கச்சான் தம்பி. பை நல்லா ஊதி நிக்குது. வா.”

ஒருவர் படிப்பில்லாமல் கடலைப் பார்த்துச் சொல்கிறார். மற்றவர் காற்றுப்பைக்குக் கீழே நின்று வோக்கியில் சொல்கிறார். நான் எதை நம்பியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? வோக்கியில் வந்தால் அது சரியாகத்தான் இருக்கும். கடல் பக்கமாகத் திரும்பி, மேற்கே பார்த்து இறங்க வந்தேன்.

வாடிக்குக் கிட்ட வரும்போது செல்வமலரின் சிவப்புத் துணி கண்ணில் பட்டது. அது தரைப் பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது. நான் போகிற பக்கமாக. அது கொண்டல். ஆனால் நேரே முன்னால், ஓடுபாதையின் மற்ற முனையில், காற்றுப்பை என்னைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தது. அது கச்சான். இரண்டில் ஒன்று பொய். எது என்று கண்டுபிடிக்க எனக்கு நேரம் இல்லை. கோபம் மட்டும் வந்தது. அப்போதுதான் கத்தினேன்.

“பொய்க்காரி!”

“ஆரை மகன் சொல்லுறாய்?” என்று பின்னால் இருந்து கேட்டார்.

நான் பதில் சொல்வதற்கு முன் விமானம் கிணற்றுக்குள் போனது போல விழுந்தது. மேலே முகத்தில் அடித்த காற்று கீழே இல்லை, முதுகில் இருந்தது. சிறகுக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. தட்டிகள் எழும்பி வந்தன. என் கை என்ன செய்தது தெரியுமா? மூக்கை நிமிர்த்தப் பார்த்தது. கம்பைத் தள்ளினேன். உள்ள வேகமும் போனது. பிறகு சரியானதைச் செய்தேன், கம்பை இழுத்து எஞ்சினை முழுதாகக் கூட்டினேன். கொஞ்சம் பிந்திவிட்டது. இடப்பக்கச் சில்லில் ஏதோ இடித்தது. கீழே செல்வமலர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கியது ஒரு கணம் தெரிந்தது.

பாதி ஓடுபாதையில் கச்சான் முகத்தில் அடித்தது. விழுந்துகொண்டிருந்த விமானம் அப்படியே லிஃப்ட் மாதிரி எழும்பியது. அன்று முதல் தடவையாக, பழக்கியவர் சொன்ன புத்தி என் உடம்புக்குள் போனது. இறங்கவில்லை. எஞ்சினைக் குறைக்காமல் கொட்டிலுக்கு மேலால் போனேன். நானா குந்திவிட்டார்.

குந்தியபடியே வோக்கியில் சொன்னார்.

“தம்பி, சில்லில என்னமோ தொங்குது. வலை மாதிரி இரிக்கு. கருவாடும் கொட்டுண்டு போகுது.”

சம்மாட்டியார் திரும்பிப் பார்த்தார்.

“வலைதான். என்ர வலை. போன வருசம் காகம் கொத்தாம மூடச் செல்வமலருக்குக் குடுத்தனான்.”

விமானத்தில் ஏற்றிய மனிதரிடம் ஒரு பீடிக்கட்டைக்கூட விடாமல் வாங்கியவன் நான். ஒரு முழு வலையை நானே எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். காற்றாடிக்குக் கீழே.

“எஞ்சின் ரேசைக் குறை மகன்,” என்றார் அவர். குரல் மெல்லியதாக இருந்தது. “நீ ரேஸ் பண்ணேக்க வலை எழும்புது. இன்னும் ஒரு முழம் எண்டா காத்தாடி.”

குறைத்தேன். வலை தாழ்ந்தது. உயரம் பிடிக்கவேண்டுமென்றால் கூட்டவேண்டும், கூட்டினால் வலை எழும்பும். கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, அகலமாக, கிழவன் சைக்கிள் ஓட்டுகிற மாதிரி மேலே போனேன். அவர் தன் இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்திருந்தார். ஒரு தரம் மட்டும், “கத்தி இருந்திருந்தா…” என்று தொடங்கினார். முடிக்கவில்லை. பெரிய மனிதர்.

இனி எந்தப் பக்கம் இறங்குவது? இங்கேதான் முழுக் குழப்பம். வோக்கியில் நானா, “பை இப்பவும் கச்சான் தம்பி, வேற ஒண்டும் இல்லை” என்றார். பின்னால் இருந்து சம்மாட்டியார், “துணி கொண்டல். என்ர கண்ணில பிழை வராது” என்றார். இரண்டு பேருக்கும் மற்றவரின் குரல் கேட்டது. இடையில் நான் தேவையில்லாமல் இருந்தேன்.

“ஆர் அது கொட்டிலுக்க இருந்து கதைக்கிறது?” என்றார் சம்மாட்டியார்.

“நான் கிண்ணியா மெக்கானிக்.”

“உமக்குக் காத்துத் தெரியுமோ?”

“எனக்குத் தெரியாது அண்ணன். பைக்குத் தெரியும். பைக்குக் கீழதான் நிக்கிறன், இடுப்பில கட்டின சாரமே கடல் பக்கம் பறக்குது.”

“இஞ்ச துணி தரைப் பக்கம் பறக்குது.”

“அப்ப அந்தத் துணியில என்னமோ பிழை.”

“உங்கட பையிலதான் பிழை.”

நானும் மனதுக்குள் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பை கம்பியில் சிக்கியிருக்குமா? துணி தடியில் சுற்றியிருக்குமா? எதில் பிழை, யார் பொய்? உயரத்தில் ஒரு சுற்றுத் திரும்பியபோதுதான் இரண்டு முனையும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டன. கடல் முனையில் சிவப்புத் துணி மேற்கே அடித்தது. கொட்டில் முனையில் பை கிழக்கே ஊதியது. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் நடுவே, ஓடுபாதையின் சரி பாதியில், புழுதி ஒரு தூண் மாதிரி எழும்பி நின்று சுழன்றது.

ஒருவரும் பொய் சொல்லவில்லை. இரண்டு காற்றும் எங்கள் ஓடுபாதைக்கு மேல் நின்று தள்ளுப்பட்டன. கடல் பக்கமாக வந்தாலும் முதுகில் காற்று, கொட்டில் பக்கமாக வந்தாலும் முதுகில் காற்று. பொய்க்காரரைத் தேடித் தேடி நான் இதைப் பார்க்கவே இல்லை. இரண்டு நல்ல மனிதர்கள் எதிரெதிராக ஒன்றைச் சொன்னால் ஒருவரைப் பொய்யராக்கிவிட்டு வேலையை முடிக்கத்தான் மனம் அவசரப்படும். அந்த அவசரத்தில்தான் நான் தட்டியில் இடித்தேன். இதை நான் பிறகு வீட்டிலும் பல தடவை செய்திருக்கிறேன், அது வேறு கதை.

யோசித்தேன். காற்று இழுபடும்போது இறங்க வேகம் வேண்டும். இறங்கும்போது பிழையாகப் போனால் எஞ்சினைக் கூட்டி எழும்ப வேண்டிவரும், அப்போது வலை காற்றாடிக்குள் போகும். ஆகவே எஞ்சினை முழுதாக நிறுத்திவிட்டுச் சறுக்கி இறங்கவேண்டும். சுற்றாத காற்றாடியை வலை ஒன்றும் செய்யாது. ஆனால் நிறுத்தினால் ஒரே ஒரு சந்தர்ப்பம்தான், திரும்பி எழும்ப முடியாது. அப்படியென்றால் காற்று முடிவாகும்வரை இறங்கக் கூடாது. பெற்றோல் கால் தாங்கி இருந்தது.

“ஐயா, இந்த ரெண்டில எது வெல்லும்?”

“கொண்டல்தான். கச்சான் இந்த நேரத்தில களைச்சுப்போம்.”

“எப்ப?”

“அது சொல்லமாட்டன்.”

“ஏன் ஐயா?”

“தெரியாது. அதுதான்.”

அன்று வானத்தில் பேசப்பட்டவற்றில் அதுதான் முதல் தெளிவான வார்த்தை. நாற்பது வருடம் கடலைப் பார்த்த மனிதர் தெரியாது என்கிறார். எட்டு வருடம் பறந்த நான் காற்றுக்கு ஏசிக்கொண்டிருந்தேன். எஞ்சினை நிறுத்தப்போகிறேன் என்பதையும் அவருக்குச் சொன்னேன். உயிர் அவருடையதும்தானே.

“பிறகு பிழையாப் போனா?”

“பிழையாப் போனா திரும்பி எழும்ப ஏலாது.”

“அப்ப நல்லாப் பாத்து நிப்பாட்டு.”

கொட்டிலுக்கு அங்கால், பற்றைக் காட்டுக்கு மேல், மெதுவாகச் சுற்றினேன். எத்தனை சுற்று என்று எண்ணவில்லை. பெற்றோல் மானியை மட்டும் பார்த்தேன். ஒரு கட்டத்தில் நானா கத்தினார்.

“தம்பி, பை விழுந்திட்டுது! தொங்குது… திரும்புது… திரும்பிட்டுது! கொண்டல்!”

“ஐயா, துணி?”

“கொண்டல்.”

என் வாயில் தானாக வந்தது. ஒருவரும் பழக்கவில்லை.

“ரெண்டும் ஒண்டோ நானா?”

“ஒண்டுதான், வா!”

கை எஞ்சினை நிறுத்தும் ஆளிக்குப் போய்விட்டது. விரல் அதில் இருந்தது. இங்கே நான் கெட்டிக்காரன் மாதிரி எழுதலாம், நீங்கள் நம்பியும் விடுவீர்கள். உண்மை என்னவென்றால் எனக்குப் பயமாக இருந்தது. இறங்க வந்ததில் இருந்து நான் சரி என்று நினைத்தது எல்லாம் பிழையாகியிருந்தது. இதையும் சரி என்று நினைத்தபடியால், இதுவும் பிழையாகும் என்று பட்டது. இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.

அந்தச் சுற்றுப் பாதியில் நானா திரும்பவும் கத்தினார். “ஐயோ தம்பி, பை பழைய பக்கம் போயிட்டுது. கச்சான் திரும்பி அடிக்குது. நிப்பாட்டிப்போடாத!”

கையை ஆளியில் இருந்து எடுத்தேன்.

மானியின் முள் அடியில் இருந்தது. இன்னும் இரண்டு சுற்று. பை விழுந்தது, தொங்கியது, திரும்பியது, நின்றது. கேட்டேன். ஒண்டுதான் என்றார். சுற்றினேன். திரும்பக் கேட்டேன். “ஒண்டுதான் தம்பி, அசையாம நிக்குது. அல்லாட காவல், வா.” பின்னால் இருந்தவரும், “ஒண்டுதான்” என்றார். நிறுத்தினேன்.

எஞ்சின் நின்றதும் வந்த அமைதி உங்களுக்கு இன்னும் தெரியாது. சிறகுக் கம்பிகளில் காற்றின் கீச்சு. கீழே எங்கேயோ காகம். காதுக்குள் சம்மாட்டியார் மூச்சு விடும் சத்தம். கம்பை இழுத்து வேகத்தைப் பிடித்தேன். மரங்கள் போயின, கொட்டில் போனது, முகத்தில் உப்புக் காற்று அடித்தது. அந்த ஈரத்தை நான் கொஞ்சியிருப்பேன், வாய் காய்ந்திருந்தது. தரை வந்தது. அந்தக் கடைசி இரண்டு மூன்று விநாடியில் கம்பைத் தள்ளினேனா, இழுத்தேனா, எதைச் செய்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மெதுவாகத் தள்ளியிருக்கவேண்டும், அப்படிச் செய்தால்தான் அப்படி இறங்கும். துள்ளவே இல்லை. தரையிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லாத இறக்கம் அது. எப்படி என்று கேட்காதீர்கள்.

பின்னால் வலை இழுபட்டு பிரேக் மாதிரிப் பிடித்தது. ஓடுபாதை முழுவதும் கருவாடு சிந்தியிருந்தது. அதற்கு மேலால் நொறுக்கிக்கொண்டு உருண்டு, முதல் தட்டிக்கு ஒரு தோணி நீளம் இருக்க நின்றோம்.

சம்மாட்டியார் இறங்கினார். வெறுங்காலோடு ஓடுபாதை முழுவதும் நடந்து கொட்டிலுக்குப் போய், நானாவிடம் தன் கத்தியை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, குந்தி இருந்து சில்லில் சுற்றிய வலையை அறுத்தார். பிறகு கடிதத்தைக் கொண்டுவரச் சொன்னார். கையெழுத்து வைத்தார். கையெழுத்துக்கு மேல் ஒரு வரி தன் கையால் எழுதினார்: ‘காற்று மாறுகிற நேரத்தில் இவர் இறங்கக் கூடாது.’ நானா கெஞ்சினார். அவர் என்னை ஒருக்கால் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ‘இவர்’ என்பதை வெட்டி ‘ஒருவரும்’ என்று எழுதினார். எனக்காக எழுதிய சட்டம் உங்கள் எல்லோருக்கும் வந்தது அப்படித்தான். இரண்டு முனையையும் பார், இரண்டு தரம் கேள், நடுவில் ஒரு சுற்றுப் போ. நாங்கள் அதைப் பேச்சு வழக்கில் சுருக்கிக்கொண்டோம். சில நாட்களில் அது தேவையில்லாத ஒரு சுற்றாகத்தான் இருக்கும். எந்த நாளில் தேவை என்று முதலே தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

செல்வமலர் ஓலைக் கடகத்தை வைத்துக்கொண்டு ஓடுபாதையில் சூடைக் கருவாட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தா. தட்டிகளில் மூட வலை இல்லை. வாடிப் பக்கத்துக் காகம் எல்லாம் கொட்டில் கூரையில் வரிசையாக இருந்து பார்த்தன. சிவப்புத் துணி அடித்துக்கொண்டிருக்க, ஒன்றுகூட இறங்கவில்லை. நானும் குனிந்து பொறுக்கத் தொடங்கினேன். முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தபடியால் கருவாட்டைப் பார்த்துக்கொண்டு விளக்கம் சொன்னேன். கச்சான் அங்கால, கொண்டல் இஞ்சால, எங்கட பை ஒரு பக்கம், உங்கட துணி ஒரு பக்கம், ரெண்டும் உண்மை, நான்தான் குழம்பிப்போனன், உங்கட துணியைப் பொய்க்காரி எண்டும் ஏசிப்போட்டன், கோவிக்காதேங்கோ என்று நீளமாகச் சொன்னேன்.

அவ பொறுக்குவதை நிறுத்தவில்லை.

“அந்தத் துணி காகத்துக்குக் கட்டினது, பைலட்,” என்றா. “காகத்துக்கு விளங்கினது.”